மூவரும் ஒருவரே

கர்ஜாலி நகராட்சியில் நான்காவது சன்னல்.
அப்பாவின் காகிதங்களைப் பரப்புகிறேன்,
சீட்டாட உட்கார்ந்தவள் போல.
பிறப்புப் பதிவில் நாஸிஃப்.
எண்பத்தைந்து ஜனவரிக்குப் பிறகு நாய்டென்.
எல்லை தாண்டி பூர்சாவில் கொடுத்த அட்டையில் நாஸிஃப் கயாலி.

புகையிலைக் கிடங்கில் உழைத்த பதினோரு வருடம்
ஒருவர் கணக்கிலும் ஏறவில்லை.
நாஸிஃப் அங்கே வேலை பார்க்கவில்லை.
நாய்டென் ஓய்வு பெறவே இல்லை.
கயாலி இந்த நாட்டில் பிறக்கவே இல்லை.
செத்தது மட்டும் மூவரும் சேர்ந்து,
போன மார்ச்சில், ஒரே கட்டிலில்.
விதவைப் பணம் வேண்டுமென்றால்
மூவரும் ஒருவரே என்று
முத்திரை குத்திய சான்றிதழ் வேண்டும்.

அன்று பனி முழங்கால் வரை.
பள்ளிக்கூடத்தில், என் வகுப்பில், என் பெஞ்சில்
பெயர்ப் பட்டியலை வைத்திருந்தார்கள்.
வாசலில் லாரி, லாரிக்குள் துப்பாக்கிகள்.
அப்பா விரலை ஓட்டி, முதலெழுத்து மாறாத ஒன்றில் நிறுத்தினார்.
நாய்டென் என்றால் கண்டெடுக்கப்பட்டவன்.
'தொலைத்தவர்களே கண்டெடுத்திருக்கிறார்கள்'
என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.
அம்மா சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

துருக்கியில் கோழியைக் கூப்பிட்டதற்காக
அம்மாவுக்கு ஐந்து லெவா அபராதம்.
மறுநாளிலிருந்து தகரத் தட்டைத் தட்டினாள்.
கோழிகள் வந்தன.
அவற்றுக்கு அது போதுமாக இருந்தது.

எண்பத்தொன்பது கோடையில்
மாஸ்க்விச் காரின் கூரையில் குளிர்பெட்டி,
குளிர்பெட்டியின் மேல் மெத்தை, மெத்தையின் மேல் வானம்.
பதினான்கு மாதத்தில் திரும்பி வந்தோம்.
மாமா அங்கேயே தங்கிவிட்டார்.
இருநூறு கிலோ புகையிலைப் பணம் அவரிடம்தான் என்று
அம்மா இன்றும் அவரோடு பேசுவதில்லை.
சரித்திரம் செய்ததையெல்லாம் மன்னித்தவள்
தம்பியை மன்னிக்கவில்லை.

பெயரைத் திருப்பிக் கேட்க
அப்பா முதல் வாரமே கோர்ட்டுக்குப் போனார்.
நான் நான்கு வருடம் போகவில்லை.
என் மதிப்பெண்களெல்லாம்
ஸ்வெட்லா கண்விழித்துப் படித்து வாங்கியவை.
அவளை எங்கே அனுப்புவது?

'ஸ்வெட்லா!'
இரண்டாம் சன்னலிலிருந்து ரொசித்ஸா.
என் பக்கத்து பெஞ்ச்காரி,
கணக்குப் பாடத்தில் எனக்கு விடை காட்டியவள்.
முப்பத்தைந்து வருடமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன்,
நான் செவிஞ்ச், செவிஞ்ச்.
அவள் வாய்க்கு அது வராது. வராததில் பகையும் இல்லை.
என்னைக் குத்துவது வேறு:
கூப்பிட்டவுடன் திரும்பிவிட்டேன்.

மகனுக்கு டெனிஸ் என்று வைத்தேன்.
நாங்கள் சொன்னால் கடல்,
அவர்கள் சொன்னால் அவர்கள் வீட்டுப் பையன்.
யாரும் பறிக்க வேண்டாத பெயர்.
டூயிஸ்பர்க்கில் பார்சல் கிடங்கில் இரவு வேலை.
அங்கே அவனுக்குப் பெயரே இல்லை,
மார்பில் ஒரு பட்டைக்கோடு. கதவு அதைப் படித்துத் திறக்கிறது.
நேற்று போன் செய்தான்:
'பையன் பிறந்திருக்கிறான் அம்மா. தாத்தா பேரை வைக்கட்டுமா?'
எந்தப் பேரை என்றேன்.
இருவரும் சிரித்தோம்,
பிறகு அவன் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் மட்டும்.
பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பார்கள்.
எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள்,
எழுத்துக்கூட்டி, கடவுச்சீட்டைப் பார்த்து.

முத்திரை விழுந்தது. ஊதா நிறம், ஒரு ஓரம் பதியவில்லை.
வீட்டில் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு
வரி வரியாக விரல் வைத்தாள்.
'நாஸிஃப்... நாய்டென்... கயாலி. சரி.
மனைவி மரியா என்று போட்டிருக்கிறதே,
யாரது?'

அம்மாவுக்கும் ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும்.
திங்கட்கிழமைதான் சன்னல் திறப்பார்கள்.
அவள் காகிதத்தை மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு,
தட்டை எடுத்துக்கொண்டு
கொல்லைப்புறம் போனாள்.